சாச்சி திணித்த தொதல்

மௌலவி, மணப்பெண் அறை வாசலில் செருமியதும், நூரியா சாச்சி என் தங்கையின் வாயில், பல்லில் ஒட்டும் தொதல் இனிப்பைத் திணித்தார். சின்னத் துண்டல்ல. சவர்க்காரக் கட்டி அளவு.

"சாச்சி! நிக்காஹ் நேரத்தில இதென்ன வேலை?"

மடியில் இருந்த என் மகன்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"காலையில இருந்து புள்ள ஒண்டும் தின்னல்ல. நீ சும்மா இரி."

தங்கை றிப்தாவுக்கு ஆசிரியர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் டீச்சராக வேண்டும் என்று ஆசை. "கல்யாணம் முடிஞ்சா படிப்பும் முடிஞ்சிது" என்று மாப்பிள்ளையின் உம்மா சொல்லிவிட்டார். வாப்பாவும் தலையாட்டிவிட்டார்.

நிக்காஹ்வுக்கு நிபந்தனை போட மார்க்கத்தில் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, சம்மதம் கேட்கும்போது வாயைத் திற என்று நேற்று முழுக்க அவளிடம் கெஞ்சினேன். "சொல்றேன்" என்றாள், கேட்காத குரலில்.

இப்போது அந்த வாயில் தொதல்.

வாப்பாவும் மௌலவியும் இரண்டு சாட்சிகளும் உள்ளே வந்தார்கள்.

"மகள் றிப்தா, மக்கீன் ஹாஜியார்ட மகன் ஹிஷாமுக்கு உங்களை நிக்காஹ் செஞ்சு குடுக்க சம்மதமா?"

முக்காட்டுக்குள் தாடை மட்டும் அசைந்தது. சத்தமில்லை.

"கன்னிப் பொண்ணுட மௌனம் சம்மதம். அல்ஹம்துலில்லாஹ்!" மௌலவி திரும்பினார்.

மாப்பிள்ளை வீட்டார் சாச்சியைக் கைக்குள் போட்டுக்கொண்டார்களா?

"நில்லுங்க மௌலவி." சாச்சி கதவை மறித்து நின்றார். "அது மௌனமில்ல. தொதல்!"

"என்னது?"

"வெக்கத்தில பேசாம இருந்தாத்தானே சம்மதம்? வாய் ஒட்டிப் பேசேலாம இருந்தா?"

மௌலவி தாடியைத் தடவினார். "நல்ல கித்துல் பாணி ஊத்திக் கிண்டின தொதல் போல" என்றார் ஒரு சாட்சி.

"சரி, முழுங்கட்டும்."

எல்லோரும் நின்றார்கள். தொதல் இறங்குவதாக இல்லை. தண்ணீர் வந்தது. வெளியே மாப்பிள்ளையின் உம்மா சத்தம் போட்டார்: "என்ன சுணக்கம்?"

"பொண்ணு இன்னும் மெல்லுறா!" என்றார் வாப்பா, வேர்த்து வழிந்தபடி.

கடைசியில் விழுங்கினாள். இத்தனை பேர் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற பிறகு, ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியுமா?

"சம்மதம்" என்றாள் றிப்தா. "ஆனா நான் காலேஜுக்குப் போவேன். அது என்ட நிபந்தனை."

மௌலவி வெளியே போய் மாப்பிள்ளையிடம் கேட்டார். ஹிஷாம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தாராளமா போகட்டும். என்னட்ட இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கல்லியே!"

அவருடைய உம்மா அவரைக் கிள்ளியதை நான் ஜன்னலால் பார்த்தேன். அதற்குள் நிக்காஹ் முடிந்துவிட்டது.

பிறகு குசினியில் சாச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ பயத்தில வாயே திறக்க மாட்டாண்டு தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

சாச்சி என் வாயிலும் ஒரு துண்டை வைத்தார்.

"என்ட நிக்காஹ்வுக்கும் தொதல் கிண்டினாங்க, மகள். அதை வாயில வைக்கத்தான் ஆளிருக்கல்ல."