தெனம் நூத்திப்பத்து

"ஏங்க, ரத்தத்தைப் பாத்து எழுதினீங்களா, ஜோசியம் பாத்து எழுதினீங்களா?"

கரையான்சாவடி மெயின் ரோட்டு லேப்ல, ரிப்போர்ட்டைக் கவுன்ட்டர் மேல வீசினா ரேஷ்மா. காலேஜ்ல சைக்காலஜி படிக்கிற பொண்ணு. வாயைத் தொறந்தா எதிர்த்த கடை ஷட்டர் தானா எறங்கும்.

"மூணு மாச சுகர் பதினொண்ணாம். ஏழு தாண்டினாலே மோசம். எங்கம்மா தெனம் காலைல ஊட்ல மெஷின்ல குத்திப் பாத்து, ஆஸ்டல்ல கீற எனக்கு போட்டோ அனுப்புது. நூத்திப்பத்து, நூத்தியஞ்சு. அந்த மொதநாளத் தவிர ஒருநாள் கூட நூத்தியிருவது தாண்டல. எவன் ரத்தத்தை எங்கம்மா பேர்ல ஒட்டுனீங்க?"

"வுடு ரேஷ்மா, ஊட்டுக்குப் போலாம்." அம்மா சரசா கையப் புடிச்சு இழுத்தா. கூட வந்த பக்கத்து ஊட்டு கெங்கம்மா, தலையைக் குனிஞ்சுகினு நின்னா.

"நீ சும்மா இரும்மா. இப்டி வாய மூடிகினு இருந்துதான் எல்லாரும் உன் தலையில மொளகா அரைக்கறாங்க."

லேப்காரர் நிர்மலுக்குக் கோவம் வரல. "கையக் குடுங்கம்மா, இப்பவே குத்திப் பாத்துரலாம்."

சரசாவோட விரல் நுனியை ஒண்ணொண்ணா திருப்பிப் பாத்தாரு.

"தெனம் குத்துற விரலா இது? ஒரு புள்ளி கூட இல்லியே."

ரேஷ்மாவும் பாத்தா. நெஜமாவே ஒண்ணும் இல்ல.

கெங்கம்மாதான் மெதுவா ரெண்டு கையையும் நீட்டினா. பத்து விரல்லயும் கருப்புக் கருப்பா ஊசிப் பொட்டு.

"எல்லாம் என் ரத்தம்தான் கண்ணு. எனக்கு சுகர் இல்ல. மொதநாளு உங்கம்மாக்கு முன்னூறு காட்டிச்சு. 'தின்னுத் தின்னு சாவு'ன்னு போன்ல கத்துன. அன்னிக்கு பூரா அவ பச்சத்தண்ணி குடிக்கல. மறுநாளு எங்கூட்டாண்ட வந்து, 'ஒரு சொட்டு குடு கெங்கா'ன்னு நின்னா. மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

ரேஷ்மா அம்மா பக்கம் திரும்பினா.

"அந்த போட்டோவை நம்பித்தானேம்மா டாக்டரு மாத்திரையே ஏத்தல. சனிக்கெழமன்னா எங்க காலேஜ் ஆறுதல் நம்பர்ல நான்தான் போன் எடுக்கறேன். எங்கெங்கயோ கீற சுகர்காரங்க போன் போட்டு, எங்கிட்ட மனசு வுட்டுப் பேசறாங்க. பெத்தவ நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

சரசா மகளை நிமிந்து பாக்கல.

"சொன்னேனேடி. சனிக்கெழமன்னா காட்டுப்பாக்கம் அங்கம்மான்னு ஒருத்தி பேசுவா இல்ல? முந்தானைய வாய்ல வெச்சுகினு நான்தான் பேசினேன். 'உங்க மேல தப்பே இல்லம்மா'ன்னு சொன்ன பாரு... அதை உன் வாயால கேக்கத்தான், நாலு வாரமா போன் போட்டேன்."