நெஞ்சில் வைத்த கை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், சின்ன ஊர் ஒன்றில் பேஸ்பால் ஆட்டம். பயிற்சியாளர் வெர்லினின் அணி தோற்றுக்கொண்டிருந்தது. யார் மேல் பாயலாம் என்று அவர் காத்திருந்தார்.

அப்போதுதான், ஓட்டக்காரர்கள் தொட்டு ஓடும் தளங்களில் இரண்டாவதன் அருகே நின்ற நடுவர் லொரெட்டா நெஞ்சில் கை வைத்தார். மட்டையாளருக்குப் பின்னால் நின்ற தலைமை நடுவர் கிளேட்டன் கொஞ்சம் தயங்கிவிட்டு, தானும் நெஞ்சில் கை வைத்தார்.

தளங்களில் ஓட்டக்காரர்கள் நிற்கும்போது, 'பந்து உயரே போனால் கவனம்' என்று நடுவர்கள் தங்களுக்குள் காட்டிக்கொள்ளும் சைகை அது. இப்போதோ தளங்களில் ஈ, காக்காகூட இல்லை.

வெர்லின் மைதானத்துக்குள் பாய்ந்தார். "ஏம்மா, கண்ணு தெரியுதா? எவன் நிக்கறான்னு இந்தச் சைகை? அந்தாளும் பூம்பூம் மாடு மாதிரி பதில் காட்டறார்!"

கிளேட்டனும் ஓடி வந்தார். முகக்கவசத்துக்கு வெளியே காது இரண்டும் சிவந்திருந்தன.

"கத்தாதீங்க கோச்," என்றார் லொரெட்டா. "எங்க வீட்டுக்காரர் திங்கக்கிழமையிலருந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கார். என்ன கேட்டாலும் பதிலே கிடையாது."

"அதுக்கும் எங்க ஆட்டத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

லொரெட்டா கிளேட்டனைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டுலதான் அப்படி. மைதானத்துல நான் சைகை காட்டினா, இவர் பதில் காட்டியே ஆகணுமே!"