மேக்னெட் கழன்ற சத்தம்

மேக்னெட் அசையவே இல்லை.

சமுத்திரம் அதைக் கழற்றும் புல்லரின் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கினான். ஸ்பேனர்தான் வழுக்கியது. எஞ்சினின் இடப்பக்கம், கிராங்க் நுனியில் ஏறி உட்கார்ந்திருந்த அந்தக் கனத்த சக்கரம் இறங்கி வருவேனா என்றது.

அதைக் கழற்றினால்தான் பின்னால் இருக்கும் ஸ்டார்ட்டர் கிளட்ச் கைக்கு எட்டும்.

பட்டனை அமுக்கினால் மோட்டார் மட்டும் சும்மா சுற்றுகிறது, எஞ்சின் திரும்ப மாட்டேன் என்கிறது என்று சொல்லித்தான் பால்சாமி காலையில் பைக்கை அவன் மெக்கானிக் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். தூத்துக்குடி ஹார்பர் ஏலத்தில் எடுத்த ஜப்பான் வண்டி. மாமரத்திலிருந்து விழுந்து வலது முழங்கால் நொறுங்கியதிலிருந்து கிக்கரை உதைக்க அவருக்கு வலு இல்லை. அவர் ஊரான கான்சாபுரத்தில் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டிருக்கிறார்கள். வழியில் எங்கேயும் அணைக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம் வந்து சேர்ந்திருந்தார்.

வரக்கூடாத நேரம்தான் அது.

போன வாரம் ஒரு பஸ் நிறுத்தத்தில் ஆரம்பித்த தகராறு இரண்டு கிராமங்களில் வெட்டுக்குத்தாகி, இப்போது எந்த டீக்கடையிலும் யார் எந்தச் சாதி என்று பார்த்துத்தான் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சமுத்திரம் ஒரு பக்கம். பால்சாமி மறு பக்கம்.

அதனால்தான் வந்ததாக அவர் சொன்னார். ரோட்டில் நாலு பேர் மறித்தால் இறங்கி ஓட முடியாது. பட்டன் வேலை செய்தால்தான் உயிர் என்று.

சமுத்திரத்துக்கு அவர் வெறும் வாடிக்கைக்காரர் இல்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவன் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மலையடிவாரத்திலிருந்து இருபத்தோரு நாள் கீழாநெல்லி பறித்து, இதே வண்டியில் கொண்டுவந்து கொடுத்தவர்.

சமுத்திரம் பெரிய சுத்தியலை எடுத்தான். புல்லர் போல்ட்டின் தலையில் ஒரே அடி.

வெடித்தது.

தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. இறுகிக் கிடந்த மேக்னெட் விடுபட்ட சத்தம் அது. அவனுக்கே காது அடைத்துப்போனது. சக்கரம் தரையில் விழுந்து அரைவட்டம் உருண்டது.

ரோட்டில் யாரோ, குண்டு போட்டுவிட்டார்கள் என்று அலறினார்கள். எதிர்க்கடை ஷட்டர் விழுந்தது. அடுத்த கடை, அதற்கடுத்த கடை. ஒரு சைக்கிள் நடுரோட்டில் சாய்ந்து கிடக்க, அதை ஓட்டியவனைக் காணோம்.

சமுத்திரம் திரும்பினான்.

பால்சாமி எழுந்து நின்றிருந்தார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. சட்டைக்குப் பின்னால் இருந்து உருவிய அரிவாள் தோளுக்கு மேலே நின்றது.

அவர் ரோட்டைப் பார்த்து நிற்கவில்லை. சமுத்திரத்தைப் பார்த்து நின்றார்.

அந்த முகத்தை அவன் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இடது கையை நீட்டி, தரையில் கிடந்த மேக்னெட்டைக் காட்டினான். பால்சாமி அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அரிவாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது.

அதைச் சட்டைக்குப் பின்னால் செருகிவிட்டு, ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அரைமணி நேரத்தில் ஷட்டர்கள் பாதி திறந்தன. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டுப் போனார். சமுத்திரம் கிளட்சைப் பிரித்தான். ஒரு ஸ்பிரிங் முறிந்து, உருளைகளில் ஒன்று தேய்ந்திருந்தது. மாற்றினான். புது உருளை இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டாவது தடவை பால்சாமி அந்தக் காலோடு குனிந்து, எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார்.

விரல்கள் பட்டுவிடாமல் வாங்கிக்கொண்டான்.

பயம் போய் நெஞ்சு எரிய ஆரம்பித்திருந்தது. கீழாநெல்லி கொண்டுவந்த கை. தன் கடையில், தன் ஸ்டூலில், தன் முதுகுக்குப் பின்னால், காலையிலிருந்து அரிவாளோடு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மேக்னெட்டை ஏற்றி நட்டை முறுக்கினான். பால்சாமி பட்டனைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவர் ஏறி உட்கார்ந்தார்.

அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை.

"சத்தம் கேட்ட ஒடனே என்னய வெட்டிருப்பியளா அண்ணாச்சி?"

பால்சாமி ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே இருந்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"சத்தத்துக்கு நான் எடுக்கல சமுத்திரம். நீ சாக்குக்கு அடியில கைய விட்டத பாத்துத்தான் எடுத்தேன்."

கியரைப் போட்டுக் கிளம்பினார். வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்பி மறைந்தது.

பொய் என்று கத்தத் தோன்றியது சமுத்திரத்துக்கு. தான் எதையும் தொடவில்லை. சுத்தியலால் அடித்தோம், சத்தம் கேட்டது, திரும்பினோம். அவ்வளவுதான் அவனுக்கு நினைவிருந்தது.

உள்ளே போனான்.

டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சாக்கு விலகிக் கிடந்தது. நாலு நாளைக்கு முன்னால் அவனே கொண்டுவந்து ஒளித்து வைத்த அரிவாளின் பிடி, ஒரு சாண் வெளியே இழுபட்டிருந்தது.

அந்த வெள்ளைக் கட்டையில் கறுப்புக் கிரீஸ் ஈரம் காயாமல் பதிந்திருந்தது. ஐந்து விரல்.