சொந்தக்காரர் இல்லாத ஊர்

லாஸ் வேகாஸில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்று தவநாயகி அன்ரி மறுபடியும் கேட்டார்.

கிடைக்கும் என்று தர்சினியும் மறுபடியும் சொன்னாள்.

சிட்னியின் பென்டில் ஹில்லில் பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன டிராவல்ஸ் அவளுடையது. மேசைக்கு எதிரே இரண்டு கதிரைகள். ஒன்றில் அன்ரி, மற்றதில் ஐயாத்துரை அங்கிள்.

அங்கிளின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, இன்றைக்கு அன்ரியின் வாயிலிருந்து சம்மதமாக ஒரு ‘ஓம்’ வாங்காமல் அவர் எழும்பப் போவதில்லை. போன கிழமையும் இப்படித்தான் வந்தார்கள். மரக்கறியோடு கதை முடிந்து, வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

அன்ரியிடம் தடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே வெக்கை என்றார். முழங்கால் பிளேனில் மடங்காது என்றார். அதற்குள் கோயில் கொடியேற்றம் வந்துவிடும் என்றார்.

அங்கிள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். யூடியூப்பில் அந்த ஊரைக் கரைத்துக் குடித்திருந்தார் மனுசன். பாட்டுக்குத் தண்ணீர் ஆடுமாம். ஹோட்டலுக்குள்ளேயே ஆறு ஓடுமாம், அதில் வள்ளமும் போகுமாம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிருக்குச் சுவெட்டர் போடவேண்டுமாம்.

“வள்ளம் பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேணுமே பிள்ளை?” என்று அன்ரி தர்சினியிடம் கேட்டார்.

அங்கிளிடம் கேட்கவில்லை. அங்கிளும் பதிலைத் தர்சினிக்குத்தான் சொன்னார்.

தர்சினி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். வீட்டில் அம்மாவும் அப்பாவும் இதே மாதிரித்தான். நாற்பது வருடம் ஒன்றாக இருந்து அலுத்தவர்கள்தான் இப்படி மூன்றாம் ஆளை நடுவில் வைத்துச் சண்டை பிடிப்பார்கள்.

அவளுக்கு விளங்காதது ஒன்றுதான். அங்கிள் சூதாடுகிற ஆளே இல்லை. தன் வீட்டு வாசலைச் சீட்டுக்கட்டு மிதித்ததில்லை என்று வந்த அன்றே பெருமையடித்தவர். அப்படிப்பட்டவருக்கு வேகாஸில் என்ன வேலை?

டொரொன்டோவுக்குப் போகலாமே என்று சொல்லிப் பார்த்தாள். கோயில் இருக்கிறது, கொத்துரொட்டி இருக்கிறது, வெக்கையும் இல்லை.

அங்கிள் பதறிப்போனார். “ஐயோ, வேண்டாம் பிள்ளை. அங்க முழுக்கச் சொந்தக்காரர்.”

லண்டனிலும் சொந்தக்காரராம். பாரிஸில் அன்ரியின் சொந்தக்காரராம். மெல்பன்கூடச் சரிவராது, அங்கே கிரான்பர்னில் அங்கிளின் தம்பி இருக்கிறாராம். உலகப்படம் முழுக்கத் தேடிக் களைத்து, சொந்தக்காரர் இல்லாத ஊர் என்று அங்கிள் கண்டுபிடித்தது பாலைவனத்து நடுவில் இருக்கும் அந்தச் சூதாட்ட நகரத்தைத்தான். நம் சனத்தில் யாராவது அங்கே போயிருந்தாலும் வெளியில் சொல்லமாட்டார்கள்.

சொந்தக்காரர் தொல்லை தர்சினிக்குத் தெரியாததா? கம்ப்யூட்டரில் தட்டினாள். இரண்டு பேர், ஒரு அறை, பெரிய கட்டில், தண்ணீர் ஆடுவது தெரியும் ஜன்னல். திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

அன்ரியின் விரல் நேரே கட்டிலின் படத்தில் போய் நின்றது.

“ரெண்டு அறை,” என்றார்.

“அங்கிள் குறட்டையா அன்ரி? எங்கட அப்பாவும் அப்படித்தான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ரி கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். எழும்பப் போகிறார்.

அங்கிளுக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆடும் தண்ணீரும் வள்ளமும் இனி உதவாது. மனதில் கிடந்ததை அப்படியே சொன்னார்.

“அங்க போனால் அண்டைக்கே எழுதலாம் பிள்ளை. இங்க எண்டால் ஒரு மாதத்துக்கு முதலே அறிவிச்சுப்போட்டு இருக்கவேணும். அதுக்குள்ள நாங்கள் இருக்கிற நார்த்மீட் முழுக்க எங்களைப் பற்றித்தான் கதைக்கும்.”

தர்சினி சிட்னியில் பிறந்த பிள்ளை. எழுதுவதற்கு எதற்கு அமெரிக்கா? மேசையில் கிடந்த பேனையை எடுத்து, மூடியைக் கழற்றி, மரியாதையாக அங்கிளிடம் நீட்டினாள்.

“இங்கயே எழுதுங்கோ அங்கிள். நோ ப்ராப்ளம்.”

அங்கிள் பேனையைப் பார்த்தார். அன்ரியும் பார்த்தார். முதலில் சிரிப்பு வெடித்தது அன்ரிக்குத்தான். கைப்பை மடியிலிருந்து வழுக்கி விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

“பேனை எங்களிட்டயும் இருக்குப் பிள்ளை. இவர் சொல்லுறது கலியாண எழுத்து. ரெஜிஸ்ட்ரேஷன்.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. குறட்டைக் கதையை நினைக்க தர்சினிக்கு முகம் சுட்டது. இவ்வளவு நேரமும் அவள் அலுப்பு என்று எண்ணியது முழுக்க வெட்கம்.

தன் மனைவி காலமாகிவிட்டாள், இவருக்கும் கணவர் இல்லை, இரண்டு வீடும் ஒரே தெருவில்தான் என்று அங்கிள் மேசையைப் பார்த்து முணுமுணுத்தார். அன்ரியை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்த ‘ஓம்’ இன்னும் வரவில்லையே.

அன்ரி லேஞ்சியை எடுத்து, சிரித்துக் கலங்கிய கண்ணைத் துடைத்தார். கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல் நாளைக்கு ரெண்டு அறை போடும் பிள்ளை,” என்றார். “எழுதினாப் பிறகு ஒண்டு போதும்.”