கொடியில் ஒரு வெள்ளை வேட்டி

“உங்க மில்லு தூசுல புள்ளைக்கு இளைப்பு நிக்கவே இல்ல. மில்ல மூடுங்க.”

“பத்து குடும்பம் பொழைக்கிற மில்லு. மூட முடியாது.”

“அப்ப தூச அடக்குங்க. கொடியில வெள்ளை வேட்டி போடறேன். சாயங்காலமும் வெள்ளையா இருந்தா பேசலாம்.”

சங்கராபுரத்தில் அரிசி மில் வைத்திருக்கும் கொளஞ்சியப்பனிடம் பின்தெருத் தைலம்மாள் இப்படிச் சொல்லி ஒரு வருடமாகிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் மில்லை ஒட்டிய கொடியில் வேட்டியைப் போடுவாள். சாயங்காலம் வந்து உதறிப் பார்ப்பாள்.

“இன்ஸ்பெக்டரு வந்துட்டாங்க!” என்று சிரிப்பான் மில் ஆள் இருசப்பன்.

கொளஞ்சியப்பன் தகரத்தில் புனல் போலப் பெரிய தூசு பிரிக்கும் சைக்ளோன் செய்து நிறுத்தினான். தூசுக்காற்று பக்கவாட்டில் நுழைந்து உள்ளே சுழலும். உமித்தூசு சுவரில் மோதிக் கீழே மூட்டையில் விழும்; காற்று மட்டும் நடுக்குழாயில் மேலேறும்.

அப்படியும் வேட்டி பழுப்பேறியது.

இன்றுதான் காரணம் தெரிந்தது. கொளஞ்சியப்பன் இருசப்பனைக் கேட்டான்: “மூட்டை வாய ஏன்டா இறுக்கிக் கட்டல?”

“அவுக்க சுளுவா இருக்கும்னு...”

“கீழ காத்து பூந்தா, உழுந்த தூசும் மேல ஏறிடும்டா!”

கொளஞ்சியப்பனே மூட்டை வாயை ரப்பர் வைத்து இறுக்கிக் கட்டினான்.

சாயங்காலம் தைலம்மாள் வேட்டியை உதறினாள். “வெள்ளையாத்தான் இருக்குதுங்க.”

கொளஞ்சியப்பன் சரிகைக் கரையைத் தடவினான். தைலம்மாளுக்குத் தாலி கட்டியபோது அவன் உடுத்தியிருந்த வேட்டி. அதை மடித்துக்கொண்டே சொன்னான்:

“புள்ளைய தூக்கிக்கினு நம்ம வூட்டுக்கு வந்துடு, தைலா.”