அகரம்தென் சாலையில் ஒருவன்

அரிகிருஷ்ணன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். பின்னால் வந்த காலடிச் சத்தமும் நின்றது.

நிமிர்ந்து ஓடினார். அதுவும் ஓடியது.

திரும்பிப் பார்த்தார். மார்கழிப் பனிக்குள் ஐம்பதடி தள்ளி ஓர் உருவம். காதுவரை இழுத்த குல்லா, மாஸ்க், தொளதொளவென்று ஒரு ஜெர்கின். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. தெருவிளக்கைக் கடக்கும்போது அந்தக் கைக்குள் ஏதோ பளிச்சென்று மின்னியது.

கார்த்திகையில் அது தூரத்தில் ஒரு புள்ளியாகத்தான் இருந்தது. தன்னைப் போல யாரோ ஓடுகிறார் என்று விட்டுவிட்டார். பனி இறங்க இறங்க அது நெருங்கி வந்தது. இப்படி ஒட்டிக்கொண்டே வருவது இன்று ஒன்பதாவது நாள்.

போன வாரம் இதே சாலையில்தான் பக்கத்துத் தெரு பென்னி சாரிடம் கத்தியைக் காட்டி போனையும் வாட்சையும் பறித்திருந்தார்கள்.

வீட்டில் சொல்ல வழியில்லை. அறுபத்திரண்டு வயது, இதயத்தில் ஒரு ஸ்டென்ட். மெதுவாக ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி ஜெயஸ்ரீ சொல்லவில்லை.

"நடங்க, எவ்ளோ வேணா நடங்க. ஓடினீங்கன்னு தெரிஞ்சுது, அந்த ஷூவைக் கொண்டுபோய் சேலையூர் ஏரியில போட்டுடுவேன்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

ஜனவரியில் மாரத்தான். ஸ்டென்டுக்கு முன் நான்கு ஓடியிருக்கிறார். ஐந்தாவதை ஓடாமல் ஓய அவருக்கு மனமில்லை. அதனால் மூன்று மாதமாகத் தெருமுனை வரை நடை, அதன் பிறகு ஓட்டம். மார்கழி பிறந்ததிலிருந்து, திரும்பும் வழியில் பெருமாள் கோவில் வரிசையில் நின்று தொன்னையில் பொங்கலோடு வீட்டுக்குப் போவார். கோவில் வரை நடந்துதான் வந்தார் என்பதற்குப் பொங்கல்தான் சாட்சி. அவர் போகும்போது ஜெயஸ்ரீ குளித்து, தலையில் துண்டோடு காபி கலந்துகொண்டிருப்பாள்.

இன்று கிளம்பும்போது வாசலில் குனிந்திருந்தாள். மார்கழி என்றால் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவள். இந்த வருடம் நான்கு புள்ளி, சுற்றி ஒரு கோடு.

"என்ன, இவ்ளோதானா?"

"முட்டி வலிங்க. நீங்க கிளம்புங்க, லேட்டாகுது."

நேற்று கோவில் வாசலில் பூ கட்டும் அம்மணியிடம் கேட்டுப் பார்த்திருந்தார். "தினமும் என் பின்னாடியே ஒருத்தன் வரான். பார்த்தியா நீ?"

அம்மணி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு சிரித்தாள். "உன்னாண்ட புடுங்கிக்க இன்னா கீது சார்? பயந்துகினு ஓடாத, வுழுந்துடப் போற."

இப்போது திருவஞ்சேரி தாண்டியதும் வீடுகள் குறைந்தன. இருபுறமும் மனைக்கல் நட்ட காலி இடங்கள். பாதி விளக்குகள் எரியவில்லை.

அரிகிருஷ்ணன் வேகத்தைக் கூட்டினார். காலடிகளும் கூட்டின. மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. நாடித்துடிப்பு நூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் வைத்த எல்லை நூற்று முப்பது.

மெதுவாக ஓடினால் கத்தி. வேகமாக ஓடினால் நெஞ்சு.

நூற்று ஐம்பத்து மூன்று.

நெஞ்சு வலிக்கவில்லை. ஆனால் வலிக்குமோ என்ற நினைப்பே மூச்சை அடைத்தது. நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை நேற்றைய சட்டைப் பையிலேயே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாரத்தான் போனால் போகட்டும். ஓடிக்கொண்டே போனை எடுத்து ஜெயஸ்ரீயை அழைத்தார். முழுவதும் அடித்து ஓய்ந்தது. குளித்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த அடியில் இடது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. தடுமாறிப்போய்ச் சிறுபாலத்தின் மதகில் உட்கார்ந்தார். எழ முடியவில்லை.

உருவம் வந்து எதிரில் நின்றது. அதற்கும் மூச்சு வாங்கியது.

"தம்பி, போனை எடுத்துக்க. வாட்சும் தரேன்." "நான் ஹார்ட் பேஷன்ட்டுப்பா. ஒண்ணும் பண்ணிடாத. வீட்ல அவ தனியா இருக்கா."

உருவம் இடது கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பற்றியது. வாட்சைத்தான் கழற்றப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வாட்ச் கழலவில்லை. இரண்டு விரல்கள் அதற்குக் கீழே நாடியில் பதிந்தன. அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தன.

அரிகிருஷ்ணன் கண்ணைத் திறந்தார். எதிரே, மூடியிருந்த வலது கை விரிந்திருந்தது. உள்ளங்கையில் வெள்ளிக் காகிதம் மின்னும் ஒரு மாத்திரை அட்டை. விரல் இடுக்குகளில் காய்ந்துபோன வெள்ளை மாவு.

மாஸ்க் கீழே இறங்கியது.

"நாளைலேர்ந்து ஒரு பத்து நிமிஷம் லேட்டா கிளம்புங்க, ஒரு கோலத்தை ஒழுங்கா போட்டு முடிக்க முடியல."