நெல் குத்தும் சத்தம்

“எங்கப்பாவுக்கு நீ மணி அடிச்சியா, நெல்லு குத்துனியா?”

மணிக்கூண்டின் மரப்படிகளில் பாதி ஏறும்போதே பிரான்சுவா கேட்டுவிட்டான். மேலே மிக்கேல் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். முப்பது வருஷமாகக் கோயில் மணி அடிப்பவர்.

“நீ ஏன் தம்பி இங்க வந்த? பெட்டி வாசலுக்கு வர்ற நேரம். அடக்க மணி அடிக்கணும்.”

“அதுக்குத்தான் வந்தேன். காலையில அப்பா உசுரு போனதும் மணி அடிக்கச் சொல்லி அனுப்பினோம். வைத்திக்குப்பத்துல இருக்கிற எங்க அக்கா காதுல விழல. ஆள் போய்ச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.”

மிக்கேல் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“இந்த மணி கப்பல்ல வந்தப்போ கடல் பாலத்துலேருந்து இழுத்துக்கிட்டு வந்தவங்கள்ல எங்கப்பா ஒருத்தரு. நான் செத்தா வைத்திக்குப்பம் வரைக்கும் கேக்கணும்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவரு ஆசைப்பட்டது அது ஒண்ணுதான். உனக்குக் கை ஓஞ்சு போச்சுன்னா சொல்லு, சாமியார்கிட்ட சொல்லி வேற ஆளைப் போடச் சொல்றேன்.”

பேசிக்கொண்டே மேலே வந்தவன் மணியைப் பார்த்தான். அதன் நாக்கில் கோணிச் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தது.

“என்னய்யா இது?”

மிக்கேல் சன்னல் வழியே கீழே கையைக் காட்டினார். மதிலை ஒட்டிய வீடு. கொல்லையில் கயிற்றுக் கட்டிலில் அமலநாதன் கிடந்தான். ஆலைத் தொழிலாளி, நாலு மாதமாக க்ஷயம். மனைவி ஆனந்தமேரி அவன் தலையை மடியில் தாங்கிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“போன மாசம் ஒரு சாவுக்கு அடிச்சேன். அடுத்தது எனக்குத்தான்னு சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவன், மூணு நாள் வாயைத் தொறக்கல. அதுலேருந்து சாவு மணிக்கு மட்டும் சாக்கு கட்டுறேன்.”

“இந்தச் சத்தமும் அவனுக்குக் கேக்குமே.”

“கேக்கும். பக்கத்து வீட்டுல நெல்லு குத்துறாங்கன்னு ஆனந்தமேரி சொல்லி வச்சிருக்கு.”

பிரான்சுவா கீழேயே பார்த்துக்கொண்டு நின்றான். அமலநாதன் ஒரு வாய் விழுங்கினான். ஆனந்தமேரி அவன் மோவாயைத் துடைத்துவிட்டாள்.

தெருமுனையில் சிலுவை தெரிந்தது. பின்னால் அப்பாவின் பெட்டி. கூடவே நடந்து வந்த அக்கா மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தாள்.

“உங்கப்பா விஷயம் வேற, தம்பி. இந்த மணியைக் கொண்டாந்தவரு. அவருக்கு நான் இப்படி அடிச்சிருக்கக் கூடாது.”

மிக்கேல் சாக்கின் முடிச்சை அவிழ்க்கப் போனார்.

பிரான்சுவா அவர் கையை விலக்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, சாக்கின்மேல் இன்னொரு சுற்றுச் சுற்றி, இறுக்கிக் கட்டினான்.